காஸ் நிற்காத ஏசி

கேள்வி: என்னுடையது 1998 கொரோலா. ஒரு வருடத்தில் 2 தடவை ஏசி காஸ் நிரப்பியாயிற்று, 2 மாதத்தில் குளிர் போய்விடுகிறது. கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகர், உப்புவெளி

பதில்: அவசரப்பட வேண்டாம். காஸ் நிரப்பியதும் குளிர்ந்தால், காஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரசர் வேலை செய்கிறது, எங்கோ கசிகிறது என்றே பொருள். கடலோர வண்டியில் முதல் சந்தேகம் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து காஸின் சூட்டை வெளியேற்றும் கொண்டென்சர்மேல்தான். உப்புக்காற்று அதன் அலுமினியத்தை அரித்துவிடும். டோர்ச் அடித்துக் கீழ் மூலைகளைப் பாருங்கள். தூசி அப்பிய எண்ணெய்க்கறை தெரிந்தால் ஓட்டை அங்கேதான். காஸோடு எண்ணெயும் வெளியேறும். சவர்க்கார நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். கம்ப்ரசரின் முன்பக்கத்தில் காஸ் கசியாமல் அடைக்கும் ‘சீல்’ வளையத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கொண்டென்சரை மாற்றும்போது ட்ரையரையும் (காஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பாகம்) மாற்றியே ஆக வேண்டும். காசு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. புது ட்ரையர் திறந்து கிடந்தால் நம் ஊர் ஈரத்தைச் சில மணி நேரத்திலேயே உறிஞ்சிவிடும். அதன் மூடியை, வண்டியில் பூட்டும் நேரத்தில்தான் கழற்ற வேண்டும். ஈரம் உள்ளே போனால் காஸ் விரிந்து குளிரும் குறுகலான எக்ஸ்பான்ஷன் வால்வில் பனி அடைக்கும், அமிலமும் உண்டாகும். குழாய் இணைப்புகளில் போடும் ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்) உங்கள் வண்டியின் ஆர்134ஏ காஸுக்குரியவையா என்று கேட்டு வாங்கி, பேக் (PAG) எனும் ஏசி கம்ப்ரசர் எண்ணெய் தடவிப் பூட்டச் சொல்லுங்கள். புதுக் கொண்டென்சருக்காகச் சுமார் 30-40 மில்லிலீட்டர் எண்ணெய் சேர்க்க வேண்டும்.

பிறகு வெக்யூம், அதாவது உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது, குறைந்தது 30 நிமிடம். பம்பை நிறுத்தி 15 நிமிடம் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். காஸைப் பொனட்டுக்குள் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள கிராம் கணக்கில் நிறுத்தே ஏற்ற வேண்டும்.

கழற்றிய குழாயில் வெள்ளி நிறத் துகள் (உள்ளே உலோகம் தேய்ந்த அடையாளம்) மினுங்கினால் மட்டும் கம்ப்ரசர் பேச்சை எடுக்கலாம்.