இலையைத் தொட்டுப் பாருங்கள், அப்புறம் தண்ணீர்: சக்குலென்ட் கேள்வி பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மொட்டை மாடியில் இருநூறு தொட்டிகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் சக்குலென்ட், அதாவது சதைப்பற்றுச் செடிகள். இந்த அளவுக்கு வருவதற்குள் நான் சாகடித்தவை தனிக் கணக்கு. ‘செடி துவண்டு போச்சு’ என்று நம் பக்கத்து மாடித்தோட்டக்காரர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து: அக்கா, ரோஜாப்பூ மாதிரி இருக்கும் எச்சிவேரியா ஒன்றை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினேன். டிவி பக்கத்தில் வைத்து தினமும் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விடுகிறேன். இரண்டே மாதத்தில் கீழ் இலைகள் மஞ்சளாகித் தொங்குகின்றன. தண்ணீரைக் கூட்டவா?

கூட்டாதீர்கள் தம்பி, இன்றே நிறுத்துங்கள். கீரைக்கும் மல்லிக்கும் வாடினால் தண்ணீர் ஊற்றிப் பழகிய கை நம்முடையது. அந்தப் பழக்கம்தான் இங்கே வினை. தொங்கும் இலையை இரண்டு விரலால் மெல்ல அழுத்துங்கள். கண்ணாடி போல ஒளி ஊடுருவி, கொழகொழவென்று இருந்து, தொட்டதும் கழன்று வந்தால் தண்ணீர் அதிகம். தோல் சுருங்கி, மெலிந்து, வளைத்தால் வளைகிற மாதிரி இருந்தால் தாகம். உங்களுடையது முதல் வகை என்றுதான் தோன்றுகிறது.

இந்த வகைச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து இரவில்தான் திறக்கும். அதனால் நீரை மிகச் சிக்கனமாகச் செலவழிக்கும். அதோடு நம் கடற்கரைக் காற்றின் ஈரமும், வீட்டுக்குள் வெயில் படாததும் சேர்ந்தால், இரண்டு ஸ்பூன் தண்ணீர்கூட மண்ணை விட்டுப் போகாது. வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது, செடி துவளும். அதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம்.

செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து மண்ணை உதறுங்கள். கறுத்து நசநசவென்று இருக்கும் வேரையெல்லாம் வெட்டிவிடுங்கள். தண்டை வெட்டிப் பாருங்கள். நடுவில் பழுப்பு நிறம் தெரிந்தால், சுத்தமான பச்சை வரும் வரை மேலே போய் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். பிறகு காற்றோட்டமான நிழலில் நான்கைந்து நாள் அப்படியே கிடக்கட்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு காய்ந்த மண் கலவையில் ஊன்றி, ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். ‘காய்ந்து செத்துவிடுமே’ என்று மனசு அடித்துக்கொள்ளும், விட்டுவிடுங்கள்.

ஒன்று சொன்னால் கோபிக்க வேண்டாம். எச்சிவேரியாவின் பூர்வீகம் பெரும்பாலும் மெக்ஸிகோவின் மேட்டு நிலங்கள். அங்கே இரவில் குளிரும். புதுச்சேரியின் மே மாதப் புழுக்கம் அதற்குத் தண்டனை. முதல் செடியாக, தடித்த சிறு இலைகள் கொண்ட ஜேடு செடியோ கற்றாழையோ வாங்கியிருக்கலாம்.

கடலூர் முதுநகரிலிருந்து: மூன்று வாரம் ஊரில் இல்லை. ஜேடு செடி இலையெல்லாம் கிழவி கை போலச் சுருங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் உடனே அடியில் வந்துவிடுகிறது.

இது தாகம்தான், பிழைத்துவிடும். உங்கள் தொட்டியில் இருப்பது தேங்காய் நார்த்தூள் கலவை என்றால், அது முற்றிலும் காய்ந்தபின் தண்ணீரைச் சட்டென்று ஏற்காது. ஊற்றுவதெல்லாம் தொட்டியின் ஓரமாகவே ஓடிவிடும். ஒரு பேசினில் நாலு விரல் தண்ணீர் வைத்து அதில் தொட்டியை அரைமணி நேரம் உட்கார வையுங்கள். பிறகு நன்றாக வடியட்டும். இரண்டு மூன்று நாளில் இலை உப்பிவிடும்.

மறுபடியும் முதுநகர்: அரிசி களைந்த தண்ணீர் ஊற்றலாமா?

வேண்டாம். எறும்பும் பூசணமும்தான் வரும். முருங்கைக்கு ஊற்றுங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து: ‘மணல் கலந்தால் தண்ணீர் நிற்காது’ என்றார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே கடற்கரை என்பதால் இரண்டு வாளி அள்ளிவந்து கலந்தேன். இலை நுனியெல்லாம் கருகுகிறது.

ஐயோ! இப்படிச் செய்தவர் நீங்கள் முதல் ஆள் இல்லை. அதில் உப்பு இருக்கிறது. கழுவி உப்பைப் போக்கினாலும் அந்த மணல் பொடி. மண்ணின் இடுக்குகளை அடைத்துவிடும். முழுதாகக் கொட்டிவிட்டு வேரை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, புதிதாக நடுங்கள்.

என் கலவை: கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் ஒரு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் ஜல்லி ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு கைப்பிடி. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் போதும், தூசியைச் சலித்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் சில நொடிகளில் அடியில் ஒழுக வேண்டும், அதுதான் பரீட்சை. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால் உங்கள் போர் தண்ணீரிலும் உப்பு என்று அர்த்தம். மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

அரியாங்குப்பத்திலிருந்து: 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்தபோது என் அடீனியம், அதாவது பாலைவன ரோஜா, இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அடிக்கிழங்கு மெத்தென்று ஆகிவிட, தூக்கிப் போட்டேன். இன்னொன்று வாங்கியிருக்கிறேன். இந்த மழைக்கு எப்படிக் காப்பது?

அந்தப் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. என் வீட்டிலும் ஏழு அடீனியம் போயின. அக்டோபர் பிறந்ததும் எல்லாவற்றையும் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். மாடி என்றால் தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி, அடித்தட்டுகளை எடுத்துவிடுங்கள். டிசம்பர் வரை மண்ணில் விரல் விட்டு இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். கிழங்கு ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அழுகலைக் கரண்டியால் சுரண்டி, கெட்டியான வெள்ளைச் சதை வந்ததும் நிறுத்தி, காயவிடுங்கள். அதன் பால் விஷம், கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது.

நெல்லிக்குப்பத்திலிருந்து: படுக்கையறையில் வைத்த சோற்றுக்கற்றாழை நாலா பக்கமும் சரிந்து படுத்துக்கொண்டது. வேர் நன்றாகத்தான் இருக்கிறது.

வெளிச்சம் போதவில்லை. அதற்காக ஒரே நாளில் மொட்டை மாடி வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும். ஒரு வாரம் ஜன்னலோரம், அடுத்த வாரம் காலை வெயில், பிறகு வெளியே. சரிந்த பழைய இலைகள் நிமிராது, புதிதாக வருபவைதான் நேராக வரும்.

வில்லியனூரிலிருந்து: இலை இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளை.

மாவுப்பூச்சி. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடையுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். வேரிலும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

பண்ருட்டியிலிருந்து: உடைந்து விழுந்த இலையை நட்டால் முளைக்குமா?

எச்சிவேரியா, ஜேடு முளைக்கும். அடி சேதமில்லாமல் முழுசாகக் கழன்ற இலையாக இருக்க வேண்டும். கற்றாழை இலை அழுகிவிடும், அதற்குப் பக்கக் கன்றுதான் வழி. மஞ்சள் கரை போட்ட பாம்புச் செடியை இலைத்துண்டிலிருந்து வளர்த்தால் கரையில்லாத வெறும் பச்சைதான் வரும். கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நடுங்கள்.

மீண்டும் லாஸ்பேட்டை: அக்கா, எடுத்துப் பார்த்தேன். பீங்கான் தொட்டி, அடியில் ஓட்டையே இல்லை.

அதில் பேனா போட்டு வையுங்கள். செடிக்கு வில்லியனூர்ப் பக்கம் போய் ஒரு மண் தொட்டி வாங்குங்கள், ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து.