தம்பிக்காக எந்த வசனத்தைச் சொல்லி ஜெபிப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஜொகூர் பாருவில் தங்கி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் தம்பி குடிக்க ஆரம்பித்து, ஆலோங்கிடம் (உரிமமில்லாத வட்டிக்காரர்) கடனும் வாங்கிவிட்டானாம். வாட்ஸ்அப்பில் அறிமுகமான ஒரு ஊழியர், அவன் பெயரைச் சேர்த்து 21 நாள் சங்கீதம் 91-ஐ வாசித்து ஜெபிக்க 300 ரிங்கிட் காணிக்கை கேட்கிறாராம். அனுப்பலாமா, அல்லது நானே வேறு வசனம் சொல்லலாமா என்பது அவர் கேள்வி.

அனுப்பாதீர்கள். இன்றைக்கு 300, அப்புறம் "தடை இன்னும் உடையவில்லை" என்று எண்ணெய்க்குக் கொஞ்சம், உபவாசத்துக்குக் கொஞ்சம் என்று இழுத்துக்கொண்டே போவார்கள், நடுவில் உங்கள் தம்பி கதை குரூப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்பது மத்தேயு 10:8. சமாரியாவில் மந்திரவாதி சீமோன் பரிசுத்த ஆவியைக் கொடுக்கும் அதிகாரத்தை வாங்கப் பணத்தை நீட்டியபோது பேதுரு எப்படிச் சீறினார் என்பதை அப்போஸ்தலர் 8-இல் படித்துப் பாருங்கள். அதோடு, சாத்தான் இயேசுவைச் சோதிக்க எடுத்துச் சொன்னதே சங்கீதம் 91-இல் உள்ள வசனத்தைத்தான். வசனத்தை மந்திரம் மாதிரி எண்ணிச் சொல்வதால் ஒன்றும் நடக்காது.

நீங்கள் கொலோசெயர் 1:9 முதல் 12 வரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சபையாரைப் பவுல் நேரில் பார்த்ததே இல்லை, தூரத்திலிருந்துதான் ஜெபித்தார். தேவனுடைய சித்தம் தெரியவேண்டும், அதன்படி நடக்கவேண்டும், பலமும் பொறுமையும் வேண்டும் என்று கேட்டார். அதையே உங்கள் வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள்: "ஆண்டவரே, சம்பள நாளில் கூட்டாளிகள் கூப்பிடும்போது மாட்டேன் என்று சொல்ல என் தம்பிக்குப் பலம் கொடும், கடன் விஷயத்தை மறைக்காமல் பேச தைரியம் கொடும்." லூக்கா 22:32-ஐயும் பாருங்கள். பேதுருவின் விசுவாசம் ஒழிந்துபோகக்கூடாது என்று இயேசு வேண்டிக்கொண்டார், அதற்குப் பிறகும் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தார், ஆனால் திரும்பி வந்தார். தம்பி ஒரு வாரம் மறுபடி குடித்துவிட்டால் ஜெபம் தோற்றுவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.

நல்ல முடிவைக் கொடுப்பேன் என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11-இல் அவன் பெயரைப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போகப்பட்டவர்களுக்கு எழுதியது, முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்று இருக்கிறது. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை அச்சடித்துக் கொடுக்க முடிகிற சபைகளால் அந்த ஒரு அதிகாரத்தை முழுதாக வாசித்து விளக்க முடியவில்லையே, எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்படியானால் வேறு யாரையும் ஜெபிக்கக் கேட்கவே கூடாதா? கேட்கலாம். யாக்கோபு 5:14 வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை அழைக்கட்டும் என்கிறது. எண்ணெய் பூசுவதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது, ஆகவே எண்ணெய் என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே அழைப்பது நோயாளி, வருகிறவர்கள் அவனுடைய சபையார், ஒருவர் அல்ல சிலர், கட்டணப் பேச்சே கிடையாது. முகம் தெரியாத ஒருவர் தானாக வந்து பேங்க் கணக்கு எண் அனுப்புவது இதில் சேராது. உங்கள் சபை மூப்பர் இருவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், தம்பி லீவில் வரும்போது அவன் சம்மதித்தால் அவனோடும் உட்காரச் சொல்லுங்கள்.

ஆலோங் ஆட்கள் மிரட்டினால் போலீசில் ரிப்போர்ட் செய்யச் சொல்லுங்கள். அதை இன்று ராத்திரியே போனில் அவனிடம் பேசிவிடுங்கள்.