தந்தமும் கையூட்டும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

யானைத் தந்தக் கடத்தலைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். துறைமுகம் முதல் அரசு அலுவலகம் வரை எங்கும் லஞ்சம் இருக்கையில், ஆய்வுக்கட்டுரைகளாலும் தீர்மானங்களாலும் என்ன ஆகிவிடப்போகிறது? அந்தப் பணத்தைக் காட்டில் நிற்கும் காவலர்களுக்குக் கொடுக்கலாமே?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

காவலர்களுக்கு மேலும் செலவிட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் காட்டில் ஒரு வேட்டைக்காரன் பிடிபட்டால் அவன் இடத்துக்கு இன்னொருவன் வந்துவிடுவான். தந்தங்களை வாங்கிச் சேர்த்துக் கப்பலேற்றுபவனுக்கு அவ்வளவு எளிதில் மாற்று ஆள் கிடைப்பதில்லை. அவனை நோக்கி வழிகாட்டியது ஆய்வுதான்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வாஸரும் அவரது குழுவினரும், பிடிபட்ட தந்தங்களை அடிப்பகுதியின் விட்டம், நிறம், ஈறு பதிந்த கோடு ஆகியவற்றைக் கொண்டு இணைசேர்த்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இணை இல்லை. மரபணுவை ஒப்பிட்டபோது, அப்படித் தனித்துக் கிடந்த சிலவற்றின் இணை வேறொரு சரக்கில் அகப்பட்டிருந்தது தெரிந்தது. அச்சரக்குகள் பெரும்பாலும் ஒரே துறைமுகம் வழியாக, சில மாத இடைவெளியில் சென்றவை. 2018இல் வெளியான அக்கட்டுரை கென்யாவின் மொம்பாசா, உகாண்டாவின் என்டெபே, டோகோவின் லோமே ஆகிய ஊர்களை மையமாகக் கொண்ட மூன்று பெரும் கும்பல்களைச் சுட்டியது. ஒரே யானையின் முகத்தில் அருகருகே வளர்ந்த இரு தந்தங்கள், வெவ்வேறு நாளில், ஒரே வாசல் வழியாக வெளியேறியிருக்கின்றன. யாரை விசாரிக்க வேண்டும், எந்த ஏட்டைப் புரட்ட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொல்லிவிட முடியாது.

'எங்கும் லஞ்சம்' என்று சொல்லும்போது நாம் கைகளைக் கட்டிக்கொள்கிறோம். அனுமதிச் சீட்டு, சுங்கச் சோதனை, கிடங்குச் சாவி என்று அதற்குக் குறிப்பிட்ட இடங்கள் உண்டு. கொள்கை அந்த இடங்களைத்தான் அடைக்க வேண்டும். அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் நாடுகள் 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடியபோதுதான் ஊழலைத் தடுப்பதற்கென்றே முதன்முறையாக ஒரு தீர்மானம் நிறைவேற்றின. இது மிகத் தாமதம் என்பதே என் எண்ணம். தான்சானியாவில் 2009க்கும் 2014க்கும் இடையில் மட்டுமே ஏறத்தாழ 60 விழுக்காடு யானைகள் அழிந்துவிட்டிருந்தன.

காவலரைப் பற்றிக் கேட்டீர்கள். 2014இல் உகாண்டா வனவிலங்கு ஆணையத்தின் காப்பறையிலிருந்து 1,300 கிலோவுக்கும் அதிகமான தந்தம் காணாமல்போனது. உயிரைப் பணயம் வைத்துக் காவலர் மீட்டுவரும் தந்தம் இத்தகைய அறைக்குத்தான் வந்துசேர்கிறது. ஒவ்வொன்றையும் எடையிட்டு, எண் பொறித்து, வெளியாரைக் கொண்டு ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் முறை அங்கே இல்லையென்றால், அவருக்கு எத்தனை துப்பாக்கிகள் வாங்கிக்கொடுத்தாலும் அவர் மீட்டது மீண்டும் சந்தைக்கே போய்விடும்.