சென்னை - டொராண்டோ: பதினொன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர முடியுமா?

கேள்வி: 67 வயதான என் தாயார் அக்டோபர் முதல் வாரத்தில் சென்னையிலிருந்து துபாய் வழியாக டொராண்டோ செல்கிறார். அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டு அன்றே பிற்பகல் 3.30க்குச் சேர்வதாகச் சீட்டில் உள்ளது. "டைரக்ட் ஃபிளைட், பதினொன்றரை மணி நேரம்தான்" என்கிறார் முகவர். ஆனால் டிசம்பர் 5 இரவு 9.30க்குத் திரும்பப் புறப்படுபவர் 7ஆம் தேதி அதிகாலை 4 மணிக்குத்தான் சென்னை வருகிறார். இது ஏன்?

பதில்: உங்கள் தாயாருக்குப் போகும்போது 21 மணி நேரமும் வரும்போது 20 மணி நேரமும் ஆகும். இரு நகரங்களுக்கும் இடையே வான்வழி நேர்த்தொலைவு ஏறத்தாழ 13,400 கிலோமீட்டர்; மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் எங்கும் இறங்காமல் பறந்தாலே 15 மணி நேரம் வேண்டும். துபாய் வழியாகச் சென்றால் தொலைவு 14,000 கிலோமீட்டர்தான். ஆகவே சுற்று வழியால் இழப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. துபாய்க்கு 4, அங்கே காத்திருப்பு 3, பிறகு டொராண்டோவுக்கு 14 மணி நேரம். வடபகுதி வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று உதவுவதால் திரும்பும் பயணம் சற்றுக் குறைகிறது.

சீட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரப்படியானவை. அக்டோபரில் டொராண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதைப் பதினொன்றரையுடன் கூட்டினால் 21 கிடைக்கும். ஆனால் நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறுவரை அப்படியே இருக்கும். எனவே டிசம்பரில் வேறுபாடு பத்தரை மணி நேரம். சீட்டில் தெரியும் முப்பதரை மணியிலிருந்து ஒன்பதரையைக் கழித்தால் 21 என்ற தவறான விடை வரும். பத்தரையைக் கழிப்பதே சரி. மொத்தப் பயண நேரத்தைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதில் என்ன சிரமமோ தெரியவில்லை. எத்தனையோ சீட்டுகளில் அது இருப்பதே இல்லை, மூத்தவர்களின் குடும்பங்கள்தான் விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கிறது.

முகவர் சொன்ன 'டைரக்ட்' என்ற சொல்லை நம்பாதீர்கள். விமானத் துறையில் அது ஒரே விமான எண்ணைத்தான் குறிக்கும். வழியில் இறங்கினாலும் அது டைரக்ட்தான். எங்கும் இறங்காமல் செல்வது 'நான்-ஸ்டாப்'. சென்னைக்கும் டொராண்டோவுக்கும் இடையே அப்படி ஒரு சேவை இல்லை. இதைவிட ஆபத்தானது, விலையைக் குறைத்துக் காட்டுவதற்காக இரண்டு தனித்தனிச் சீட்டுகளை ஒட்டவைத்து ஒரே பயணம்போல் விற்பது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. துபாயில் பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டிவரும், அதற்கு வெளியே வர அந்நாட்டு விசாவும் வேண்டும். கையில் விசா இல்லாத ஒரு மூதாட்டி அங்கே யாரிடம் போய் நிற்பார்?

ஆகவே மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன், இரு விமானங்களும் ஒரே ஆறெழுத்து பி.என்.ஆரில் இருக்கின்றனவா, 13 இலக்கச் சீட்டு எண் வந்துவிட்டதா என்று பாருங்கள், பி.என்.ஆர் மட்டும் இருந்தால் அது வெறும் முன்பதிவுதான், சீட்டு அன்று. பிறகு அந்த எண்ணைச் சொல்லி விமான நிறுவனத்திடம் நீங்களே பேசி, துபாயில் விமானம் மாறுவதற்குச் சக்கர நாற்காலி உதவியையும் பதிவு செய்துவிடுங்கள்.