மழைக்குள் ஒரு படகுப் பயணம்

கேள்வி: நியூசிலாந்தின் டவுட்ஃபுல் சவுண்ட் என்ற கடல் உள்வாயில் சிறு படகில் மூன்று நாள் தங்கிச் சுற்ற ஆசை. மழை இல்லாத மாதம் எது? என்ன எடுத்துப்போக வேண்டும்?

பதில்: அப்படி ஒரு மாதம் அங்கே கிடையாது. அதே ஃபியோர்ட்லாந்து பகுதியிலுள்ள மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். மழையும் கடிக்கும் மணல் ஈயும் சற்றுக் குறைவு, பகலும் குறைவு. உண்மையில் மழைக்குத்தான் போகவேண்டும். செங்குத்துப் பாறையில் தண்ணீரைப் பிடித்துவைக்க மண் இல்லாததால், பெய்த கையோடு எங்கு பார்த்தாலும் அருவி. மழை விட்ட சில மணி நேரத்தில் பல காணாமல் போய்விடும்.

மனபோரி ஏரியைப் படகில் கடந்து, வில்மட் கணவாய் வழியே பஸ்ஸில் டவுட்ஃபுல் சவுண்டின் கரையான டீப் கோவில் இறங்கவேண்டும். இத்தனை முறை ஏற்றி இறக்குவதால் சக்கரப் பெட்டி வேண்டாம்; துணிப்பைதான் சரி, படகறையிலும் மடங்கும்.

ஜீன்ஸ், பருத்தி இரண்டும் நனைந்தால் காயாது. உள்ளே கம்பளி, மேலே ரப்பர் பூச்சுள்ள கோட். ‘மூச்சுவிடும்’ விலையுயர்ந்த ஜாக்கெட்டின் மேல்துணி நாள் முழுக்க மழையில் ஊறினால் வியர்வை வெளியேறாது, உள்ளேயே ஈரம்.

குளிர்ந்த கேமராவை அப்படியே சூடான அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸ் பனிக்கும். வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் மூடி, உள்ளே அரைமணி கழித்துத் திறவுங்கள். டீட் (DEET) என்ற ரசாயனம் கலந்த பூச்சி விரட்டி பட்ட கையால் கேமராவைத் தொடாதீர்கள்; பிளாஸ்டிக்கை அரிக்கும்.

கேள்வி: எனக்குப் படகில் குமட்டும். போகலாமா?

பதில்: தாராளமாக. உள்வாய்களில் அலை குறைவு. டாஸ்மன் கடல் முகத்துவாரத்தில்தான் ஆட்டம். அங்கே போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, டாக்டர் சொன்ன மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.