ஃபோர்-எச், எஃப்.எஃப்.ஏ. பிறந்த கதையை வகுப்பில் எப்படிச் சொல்வது? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் வேளாண் பாடம் எடுக்கிறேன். எஃப்.எஃப்.ஏ. ('ஃபியூச்சர் ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்று தொடங்கிய, பள்ளியில் வேளாண்மை படிக்கும் மாணவர்களின் அமைப்பு) வரலாறு என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். எங்கே தொடங்கலாம்?

பதில்: மக்காச்சோளத்தில் தொடங்குங்கள். 1900-ஐ ஒட்டிய காலத்தில் வேளாண் கல்லூரிகள் சொன்ன புது முறைகளைப் பெரியவர்கள் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, பிள்ளைகளிடம் நல்ல விதையைக் கொடுத்துப் பார்ப்போம் என்று சிலர் இறங்கினார்கள். 1910-இல் தென் கரோலினாவில் ஜெர்ரி மூர் என்ற சிறுவன் ஒரே ஏக்கரில் 228 புஷல் மக்காச்சோளம் எடுத்தான் (ஒரு புஷல் சுமார் 25 கிலோ). நாட்டுச் சராசரி 30 புஷலைக்கூடத் தொடாத காலம் அது. இரண்டு எண்களையும் பலகையில் எழுதி, "எப்படி முடிந்தது?" என்று மட்டும் கேளுங்கள். விதை, எரு, உழவு என்று அவர்களே பேச ஆரம்பிப்பார்கள்.

கேள்வி: சிறுவர் சிறுமியருக்கான கிளப் அமைப்பான ஃபோர்-எச்சைத் தொடங்கியவர் யார்? ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே?

பதில்: ஒருவர் பெயரைச் சொல்லி முடிக்க முடியாது. ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஏ.பி. கிரஹாம் 1902 ஜனவரியில் சிறுவர் சிறுமியரைக் கூட்டினார். லிட்மஸ் தாளால் மண் சோதிப்பது அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று. உங்கள் வகுப்பிலும் செய்யலாம். தென் கரோலினாவில் மேரி குரோமர் 1910-இல் சிறுமிகளுக்குத் தக்காளி கிளப் தொடங்கினார். ஆளுக்கு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம். விளைந்ததை டப்பாவில் அடைத்து விற்றார்கள். 1914-இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் இந்த கிளப்புகளை அரசின் விரிவாக்கப் பணியோடு, அதாவது வேளாண் கல்லூரிகளின் அறிவை மக்களிடம் கொண்டுசேர்க்கும் பணியோடு, சேர்த்தது.

கேள்வி: அப்போ எஃப்.எஃப்.ஏ. வேறயா?

பதில்: வேறுதான். 1917-இன் ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தால் பள்ளிகளில் வேளாண் பாடம் பரவியது, எஃப்.எஃப்.ஏ. அதிலிருந்து முளைத்தது. 1928 நவம்பரில் கான்சஸ் சிட்டியில் 18 மாநிலங்களிலிருந்து வந்த 33 மாணவர்கள் அதைத் தொடங்கினார்கள்.

கேள்வி: சார், இனப் பிரிவினையை ஒன்பதாம் வகுப்பில் பேசலாமா?

பதில்: கட்டாயம் பேசுங்கள். தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்குத் தனிப் பள்ளி, தனி அமைப்பு. அந்த அமைப்பு 1927-இல் வர்ஜீனியாவில் தொடங்கி, 1935-இல் அலபாமாவின் டஸ்கீகியில் 'நியூ ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற தேசிய அமைப்பானது. 1965-இல் எஃப்.எஃப்.ஏ.வுடன் இணைந்தது என்று ஒரே வரியில் கடந்துபோகும் பாடங்களை என்னால் ஏற்க முடியவில்லை. இணைப்போடு அவர்களுடைய பெயரும் சின்னமும் போய்விட்டன. இரண்டு சின்னங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எஃப்.எஃப்.ஏ. சின்னத்தில் மக்காச்சோளக் கதிர், மற்றதில் பருத்திக் காய். ஏன் பருத்தி என்ற கேள்வியிலேயே ஒரு பீரியட் போய்விடும், போகட்டும்.

கேள்வி: எஃப்.எஃப்.ஏ.வில் பெண்கள்?

பதில்: தேசிய அளவில் 1969-இல்தான் உறுப்பினராகச் சேர்த்தார்கள். மேரி குரோமரின் தக்காளி கிளப்புக்கு 59 வருடம் கழித்து.