மறுமொழி: 2000 ரூபாயில் இருவருக்கு இரவுச் சாப்பாடு

தம்பி, நிலாவெளிப் பக்கம் போர்டிங் அறை, ஒற்றை அடுப்பு, கையில் 2000 ரூபாய், வரப்போகிறவருக்குப் பாஸ்தா செய்து கொடுக்க ஆசை என்கிறீர்கள். பாஸ்தாவை விடுங்கள், சீஸ் ஒன்றே பாதிக் காசை விழுங்கிவிடும். திருகோணமலையில் இருந்துகொண்டு கடல் சாமான் வாங்காமல் இருப்பதா?

காலையிலேயே சந்தையில் 400 கிராம் கணவாய் வாங்குங்கள். இடியப்பம் கடையில் எடுக்கலாம், அதில் மினக்கெட வேண்டாம். முதலில் சொதி: வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள் எல்லாம் இரண்டாம் தேங்காய்ப்பாலில் அவியட்டும். முதற்பால் விட்டபின் கொதிக்க விடாதீர்கள், திரைந்துவிடும். தேசிக்காய் (எலுமிச்சை) புளி இறக்கிய பிறகுதான்.

கணவாயை அவர் வந்து உட்கார்ந்த பிறகு போடுங்கள். வளையமாக வெட்டி, ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள்; இல்லாவிட்டால் தண்ணீர் விட்டு அவியும். சட்டி காய்ந்து வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகு வதங்கியதும் போட்டு 2 நிமிடம், அவ்வளவுதான். வெள்ளையாகிச் சுருண்டதும் இறக்குங்கள். இன்னும் கொஞ்சம் என்று விட்டால் ரப்பர்தான். கணவாய் விலை ஏறியிருந்தால் சூடை மீன் பொரிக்கலாம், ஆனால் முள் எடுத்துக்கொண்டே காதல் பேசுவது கஷ்டம்.

இனிப்புக்குப் பக்கத்து ஊர்க் கிண்ணியாத் தயிரும் கித்துள் பனைப் பாணியும். அப்புறம், அவருக்குக் கணவாய் ஒத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.